ஸ்டெம் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளில் இருந்து தேடித் தேடிப் படிக்கும் பெற்றோர், பல வருடமாக ஊசி போட்டுக்கொள்பவர்கள், உயிரியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். இந்த விஷயத்தைச் சுருக்கிச் சொல்லப்போய்த்தான் பாதிப் பேருக்குத் தவறான நம்பிக்கையும் மீதிப் பேருக்குத் தேவையில்லாத அவநம்பிக்கையும் வந்திருக்கிறது.

இன்சுலின்தான் ஊசியாகக் கிடைக்கிறதே, செல்லையே உருவாக்க வேண்டிய அவசியம் என்ன?

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகும் வகை, வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. அந்த வகையில் ஊசி பெரிய வரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊசிக்கு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், காய்ச்சல் இருக்கிறதா என்றெல்லாம் யோசித்து அளவு போடுவது நோயாளியின் வேலையாகிவிடுகிறது. அளவு கொஞ்சம் கூடினால் சர்க்கரை இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகும். பல வருடம் நோய் இருந்தவர்களில் சிலருக்குச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளே தெரியாமல் போய்விடும், அவர்கள் தூங்கப் போவதற்கே பயப்படுகிறார்கள். கணையத்தில் இருக்கும் பீட்டா செல் நொடிக்கு நொடி சர்க்கரையை அளந்து அதற்கேற்ப இன்சுலினை விடுகிறது, தேவை முடிந்ததும் நிறுத்துகிறது. அந்த அளவறிவைத்தான் ஆராய்ச்சியாளர்கள் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

பீட்டா செல் எங்கே இருக்கிறது?

கணையத்துக்குள் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில். பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் இவற்றை விவரித்தார். பெரியவர் ஒருவரின் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் இருக்கும், ஆனாலும் கணையத்தின் எடையில் அவற்றின் பங்கு 1 அல்லது 2 சதவீதம்தான். ஒவ்வொரு திட்டிலும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களோடு, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்களும் சோமடோஸ்டாட்டின் சுரக்கும் டெல்டா செல்களும் கலந்திருக்கும்.

இறந்தவர்கள் தானம் செய்யும் கணையத்தில் இருந்து திட்டுகளை எடுத்து வைக்கலாமே?

வைக்கிறார்கள். கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோ குழு 7 நோயாளிகளுக்கு இப்படிச் செய்து 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது, ஏழு பேரும் ஊசியை நிறுத்த முடிந்தது. தானக் கணையத்தில் இருந்து தயாரித்த திட்டுகளுக்கு அமெரிக்காவில் 2023 ஜூனில் அனுமதியும் கிடைத்தது. ஒரு மெல்லிய குழாய் வழியாகச் செல்லைக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் விட்டாலே அது அங்கே தங்கி வேலை செய்யும் என்று நிரூபித்ததுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய பங்களிப்பு. சிக்கல் எண்ணிக்கையில். பல நேரம் ஒரு நோயாளிக்கே இரண்டு, மூன்று பேரின் கணையம் தேவைப்படுகிறது, தானமாக வரும் கணையங்களோ மிகக் குறைவு. இந்தக் கணக்கு எப்போதும் தீராது. தீர வேண்டுமானால் முடிவில்லாமல் பெருகக்கூடிய ஒரு செல்லில் இருந்து தொடங்கியாக வேண்டும்.

அந்தச் செல் எது?

உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல். இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, கருத்தரிப்பு சிகிச்சையில் பயன்படுத்தாமல் மிஞ்சி, பெற்றோர் சம்மதத்தோடு கொடுக்கப்பட்ட சில நாள் கருவில் இருந்து எடுப்பது. 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் இதைச் செய்தார். இரண்டாவது, வளர்ந்த மனிதரின் தோல் அல்லது ரத்தச் செல்லையே பின்னோக்கித் திருப்புவது. ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு 2006-இல் எலிச் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் இதைச் சாதித்தார், 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த இரண்டாவது வகையை ஐபிஎஸ் செல் என்பார்கள்.

கருவை அழித்துத்தானே எடுக்கிறார்கள்?

முதல் வகையில், ஆமாம். அதை ஏற்க முடியாதவர்களின் கருத்தை நான் மதிக்கிறேன். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கருவழிச் செல் வரிசைகளில் பல, வருடக்கணக்கில் ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே வருபவை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதுக் கரு தேவையில்லை. ஐபிஎஸ் செல்லில் இந்தக் கேள்வியே எழாது.

சரி, ஸ்டெம் செல்லைப் பீட்டா செல்லாக எப்படி மாற்றுகிறார்கள்?

வயிற்றில் வளரும் குழந்தையின் கணையம் எந்த வரிசையில் உருவாகிறதோ அதே வரிசையை வளர்ப்புத் தட்டில் நடத்திக் காட்ட வேண்டும். கருவில் பக்கத்துத் திசுக்கள் அனுப்பும் ரசாயனச் செய்திகளை, இங்கே நாம் சரியான நாளில் சரியான அளவில் ஊடகத்தில், அதாவது செல் வளரும் திரவத்தில், கலக்கிறோம்.

முதல் மூன்று நாளில் ஆக்டிவின் ஏ என்ற புரதம் சேர்க்கப்படும், கூடவே முதல் நாளில் வின்ட் பாதையை, அதாவது செல்லுக்குள் செய்தி கடத்தும் வழிகளில் ஒன்றை, தூண்டும் ஒரு மூலக்கூறு. இதில் செல்கள் அகப்படையாக மாறும், அதாவது குடல், கல்லீரல், நுரையீரல், கணையம் எல்லாம் எதில் இருந்து வருகிறதோ அந்த அடுக்கு. ஆக்டிவினால் இதைச் செய்ய முடியும் என்று 2005-இல் காட்டியது, பின்னாளில் வயாசைட் என்று பெயர் மாறிய அமெரிக்க நிறுவனத்தின் குழு. அதற்கு முன்பு பல வருடம் எல்லோரும் முட்டி நின்ற இடம் அது. அடுத்து கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணி, செல்கள் ஆதிக் குடல் குழாய் நிலைக்குப் போகும். பிறகு வைட்டமின் ஏ-யில் இருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம், ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைக்கும் மருந்து, சில முறைகளில் கல்லீரல் பக்கம் போய்விடாமல் தடுக்க பிஎம்பி என்ற புரதத்தின் தடுப்பான். இப்போது செல்லில் பிடிஎக்ஸ்1 என்ற புரதம் தெரிய ஆரம்பிக்கும், கணையத்தின் பாதையில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சில நாளில் அதே செல்லில் என்கேஎக்ஸ்6.1 என்ற புரதமும் சேர்ந்து வர வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பாதையிலும் மிக முக்கியமான இடம் இதுதான். இரண்டும் சேர்ந்து வராத செல்கள் பின்னால் இன்சுலினைக் காட்டினாலும் நல்ல பீட்டா செல்லாக வருவதில்லை.

அதற்கப்புறம் நாட்ச் பாதையை அடைத்து, தைராய்டு ஹார்மோனும் ஆல்க்5 என்ற புரதத்தின் தடுப்பானும் கொடுத்தால், என்ஜிஎன்3 என்ற மரபணு சிறிது காலம் விழித்து, செல்கள் ஹார்மோன் சுரக்கும் வகையாகப் பிரியும். கடைசியில் அவற்றை உருண்டைக் கொத்துகளாக மிதக்கவிட்டு முதிர விடுவார்கள். 2014-இல் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன் குழுவும், டிமோத்தி கீஃபர் பங்கேற்ற மற்றொரு குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முழு வரிசையையும் வெளியிட்டன. மெல்டனின் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே டைப் 1 வந்தது, பிறகு மகளுக்கும் வந்தது. தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் கணையத்தின் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

முறையைப் பொறுத்து நான்கில் இருந்து ஆறு வாரம். இடையில் விடுமுறை கிடையாது.

வந்தது பீட்டா செல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. 2001-இல் எலி ஸ்டெம் செல்லில் இருந்து இன்சுலின் செல்களை உருவாக்கியதாக ஒரு ஆய்வு வந்து பரபரப்பானது. 2003-இல் மெல்டன் குழு அதைச் சோதித்தபோது, அப்படி வளர்த்த செல்கள் இன்சுலினைத் தயாரிக்கவில்லை, வளர்ப்பு ஊடகத்தில் ஏற்கெனவே கலந்திருந்த இன்சுலினை உறிஞ்சி வைத்திருந்தன என்று தெரிந்தது. சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் இப்போது சி-பெப்டைடைத் தேடுகிறார்கள். செல் இன்சுலினைத் தானே தயாரிக்கும்போது முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான புரதம் வரும், அதை வெட்டும்போது ஒரு பக்கம் இன்சுலினும் மறுபக்கம் சி-பெப்டைடும் கிடைக்கும். வெளியில் இருந்து ஊற்றிய இன்சுலினில் சி-பெப்டைடு இருக்காது. நோயாளியின் ரத்தத்தில் சி-பெப்டைடு பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான், ஊசி போட்டுக்கொண்டிருப்பவரிடமும் சொந்தச் செல் வேலை செய்கிறதா என்று அது சொல்லிவிடும்.

அடுத்தது இன்னும் கடுமையான சோதனை. செல்களைக் குறைந்த குளுக்கோஸ் கரைசலில், சுமார் 2.8 மில்லிமோலில், வைத்து வெளிவரும் இன்சுலினை அளப்பார்கள். ரத்தப் பரிசோதனைக் கணக்கில் அது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம். பிறகு 16.7 மில்லிமோல், அதாவது சுமார் 300 மில்லிகிராம். திரும்பக் குறைந்த அளவு. நல்ல செல் உயர்ந்தபோது கூட்டி, இறங்கியதும் குறைக்க வேண்டும். எல்லா நேரமும் ஒரே அளவில் ஒழுகிக்கொண்டிருக்கும் செல்லை ஒருவர் உடலில் வைத்தால் அவருக்கு ஆபத்துதான். ஒரு ஆய்வைப் படிக்கும்போது எத்தனை சதவீதம் இன்சுலின் செல் வந்தது என்ற எண்ணை விட இந்த ஏற்ற இறக்கப் படத்தைத்தான் முதலில் பாருங்கள்.

இயற்கையான பீட்டா செல்லுக்கு இது சமமா?

நெருங்கிவிட்டது, முழுக்கச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பகால முறைகளில் வந்த செல்களில் பல, இன்சுலினையும் குளுக்ககானையும் ஒன்றாகச் சுரந்தன. அது முதிராத நிலை. இன்றைய முறைகளில் அது குறைந்திருக்கிறது, ஆனால் வேறு விருந்தாளிகள் வருகிறார்கள். 2019-இல் ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படித்தபோது, செரோடோனின் சுரக்கும் குடல் வகைச் செல்களும் அதே கொத்தில் கணிசமாக இருப்பது தெரிந்தது.

இன்னொரு குறை முதிர்ச்சி. பீட்டா செல்லில் குளுக்கோஸ் எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாகும், அது பொட்டாசியம் வாயிலை மூடும், மின்னழுத்தம் மாறி கால்சியம் உள்ளே பாயும், அப்போதுதான் இன்சுலின் பைகள் வெடித்துத் திறக்கும். ஆய்வகச் செல்களில் இந்தச் சங்கிலியில் குளுக்கோஸை எரிக்கும் பகுதி பெரும்பாலும் மந்தமாக இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு ஊற்றி மின்னழுத்தத்தை நேரடியாக மாற்றினால் இன்சுலின் கொட்டும், குளுக்கோஸுக்கு மட்டும் தயங்கும். பைகள் தயாராக இருக்கின்றன, அளவிடும் கருவிதான் இன்னும் பழகவில்லை. ஜெஃப்ரி மில்மன் குழு 2020-இல், செல்லின் உள்கூட்டைத் தளர்த்தும் லாட்ரன்குலின் ஏ என்ற பொருளைச் சரியான கட்டத்தில் கொடுத்தால் முன்னேற்றம் வருகிறது என்று காட்டியது. எலிக்குள் வைத்தால் சில மாதங்களில் இந்தச் செல்கள் நன்றாகவே முதிர்கின்றன, ஆகவே உடல் கொடுக்கும் எதையோ தட்டு இன்னும் கொடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு எலியின் திட்டுகள் போதாதா?

நிறையக் கற்றுக்கொடுத்திருக்கின்றன, ஆனால் போதாது. எலிக்கு இன்சுலின் மரபணு இரண்டு, நமக்கு ஒன்று. எலியின் திட்டில் பீட்டா செல்கள் நடுவிலும் ஆல்ஃபா செல்கள் ஓரத்திலும் இருக்கும், மனிதத் திட்டில் எல்லாம் கலந்து கிடக்கும். எம்ஏஎஃப்பி என்ற புரதம் வளர்ந்த மனிதரின் பீட்டா செல்லில் உண்டு, வளர்ந்த எலியில் இல்லை. எலியில் அபாரமாக வேலை செய்த பல விஷயங்கள் மனிதரிடம் பலிக்காததற்கு இந்த வேறுபாடுகளுக்கும் பங்கு உண்டு.

உடலில் வைக்காமல், ஆய்வகத்திலேயே இந்தச் செல்களால் என்ன பயன்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உயிரோடு இருப்பவரின் கணையத்தில் இருந்து பீட்டா செல்லை எடுத்துப் படிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் அவருடைய ரத்தத்தில் இருந்து ஐபிஎஸ் செல் உருவாக்கி, அதைப் பீட்டா செல்லாக மாற்றினால், அவருடைய மரபணுவோடு கூடிய பீட்டா செல் மேசைக்கு வந்துவிடுகிறது.

வுல்ஃப்ரம் நோய்க்குறியை எடுத்துக்கொள்வோம். டபிள்யூஎஃப்எஸ்1 என்ற ஒரே மரபணுக் கோளாறால் சிறு வயதிலேயே சர்க்கரை நோயும் பார்வை இழப்பும் வரும் அரிய நோய் அது. 2020-இல் ஒரு குழு அந்த நோயாளியின் ஐபிஎஸ் செல்லில் கோளாறைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தும் முறை கொண்டு திருத்தி, பீட்டா செல்லாக மாற்றி, சர்க்கரை நோய் உள்ள எலிகளில் வைத்தது. எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. திருத்திய செல்லும் திருத்தாத செல்லும் மற்ற எல்லா வகையிலும் ஒன்றே என்பதால், வித்தியாசம் அந்த ஒரு மரபணுவால் மட்டுமே வந்தது என்று துணிந்து சொல்லலாம். மோடி எனப்படும் பரம்பரைச் சர்க்கரை நோய்களையும், பிறந்த சில மாதத்தில் வரும் சர்க்கரை நோயையும் இதே வழியில் படிக்கிறார்கள். புது மருந்தையும் நேரடியாக மனித பீட்டா செல் மேலேயே சோதிக்க முடிகிறது. சிகிச்சை எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கும் இந்த அறிவு கண்ணில் படாமல் போகும்.

மனிதர்களுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

ஆம். வயாசைட் 2014-இல் முதிராத முன்னோடிச் செல்களை வைத்துத் தொடங்கியது. பிற்பாடு சிலரிடம் சி-பெப்டைடு தெரிந்தது, ஆனால் ஊசியை நிறுத்தும் அளவுக்குப் போகவில்லை.

பெரிய முன்னேற்றம் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சிமிஸ்லெசெல் என்ற செல் சிகிச்சையின் சோதனையில் வந்தது. மெல்டனின் ஆய்வில் இருந்து வளர்ந்த இந்தச் செல்களை 2021-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் வெளியான முடிவின்படி, முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருட முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. பன்னிரண்டு பேருக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே வந்தது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது நின்றது. அதே அறிக்கையில் மொத்தம் 14 பேரில் இரண்டு மரணங்களும் உண்டு. ஒருவருக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைக்காய்ச்சல், மற்றவருக்கு ஏற்கெனவே இருந்த மூளைத் தேய்வு முற்றியது. புதுச் செல்லை உடல் தாக்காமல் இருக்க இவர்கள் எடுக்கும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொற்றுக்குக் கதவைத் திறக்கும் என்பதால், இந்தச் செய்தியைச் சொல்லும் எவரும் பத்து பேரின் வெற்றியோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீனாவில் டெங் ஹோங்குய் குழு, 25 வயதுப் பெண் ஒருவருக்கு அவருடைய சொந்தச் செல்லில் இருந்தே திட்டுகளை உருவாக்கி 2023 ஜூனில் வயிற்றுத் தசை உறைக்குக் கீழே வைத்தது. 75 நாளில் ஊசி தேவையில்லாமல் போனது. வைத்த இடம் வெளியில் இருந்து ஸ்கேன் செய்யவும், தேவைப்பட்டால் எடுத்துவிடவும் வசதியானது. அது நல்ல யோசனை.

சொந்தச் செல் என்றால் உடல் எதிர்க்காதே?

டைப் 1-இல் எதிர்க்கும். அந்த நோயே, உடலின் எதிர்ப்பு மண்டலம் சொந்த பீட்டா செல்லை எதிரி என்று நினைத்து அழிப்பதால் வருவதுதான். சீனப் பெண்ணின் முடிவைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது, அவருக்கு முன்பே கல்லீரல் மாற்று நடந்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்.

செல்லை ஒரு உறைக்குள் போட்டு வைத்தால் தப்பிக்குமே?

அழகான யோசனை, நடைமுறையில் பிடிவாதமாகத் தோற்கிறது. எதிர்ப்புச் செல் நுழையாத உறைக்குள் ரத்தக்குழாயும் நுழையாது. பீட்டா செல்லுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். உறையைச் சுற்றி வடுத் திசு படர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வெர்டெக்ஸ் தன் உறைச் சோதனையை, சி-பெப்டைடு போதுமான அளவு வராததால் 2025-இல் கைவிட்டது.

அப்படியென்றால் வேறு வழி?

செல்லையே எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாதபடி மாற்றுவது. சுவீடனின் உப்சாலாவில் தானத் திட்டுச் செல்களில் அடையாளப் புரதங்கள் வராதபடி மரபணுவைத் திருத்தி, சிடி47 என்ற பாதுகாப்புப் புரதத்தைக் கூட்டி, ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எதுவுமே கொடுக்கவில்லை. செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்ததாக 2025-இல் அறிக்கை வந்தது. அளவு குறைவு, ஆகவே அவர் ஊசியைத் தொடர்கிறார், ஒரே ஒரு நோயாளிதான். இருந்தும், இதே திருத்தத்தை ஸ்டெம் செல்லில் ஒருமுறை செய்துவிட்டால் அதில் இருந்து வரும் எல்லாச் செல்லும் திருத்தத்தோடு வரும் என்பதால், என் கவனமெல்லாம் இந்தப் பக்கம்தான்.

கட்டி வருமா?

மாறாத ஸ்டெம் செல் மிஞ்சியிருந்தால் டெரட்டோமா என்ற கட்டி வரலாம். அதனால்தான் மிஞ்சிய செல்லைத் தேடும் பரிசோதனைகள் கடுமையாக இருக்கின்றன. செல்லை எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் மறைக்கும் மேற்படித் திருத்தம் இந்த ஆபத்தைக் கூட்டலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

டைப் 2-க்கு உதவுமா?

சிலருக்கு உதவலாம். ஷாங்காயில் 59 வயது டைப் 2 நோயாளி ஒருவர், ஸ்டெம் செல் வழித் திட்டுகள் வைத்த 11 வாரத்தில் இன்சுலினை நிறுத்தினார் என்று 2024-இல் வெளியானது. ஆனால் டைப் 2-இல் பெரும்பாலோருக்கு முதல் பிரச்சினை உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதது. அதைப் புதுச் செல் சரிசெய்யாது.

பணம் கட்டினால் இப்போதே ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்கிறார்களே?

தயவுசெய்து போகாதீர்கள். தொப்புள்கொடி ரத்தம், கொழுப்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இருந்து எடுத்த செல்லை அப்படியே நரம்பில் ஏற்றினால் அது பீட்டா செல்லாக மாறாது. மேலே சொன்ன நான்கு முதல் ஆறு வாரப் பாதை வேறு, இது வேறு. முறையான மருத்துவச் சோதனையில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்காகப் பெரிய தொகை கேட்க மாட்டார்கள், பதிவு எண் இருக்கும், அபாயங்களை எழுத்தில் தருவார்கள். இந்த மூன்றையும் கேளுங்கள். யாராவது இன்சுலினை நிறுத்திவிட்டு வரச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள், டைப் 1-இல் இன்சுலினை நிறுத்துவது உயிரைப் பறிக்கும்.

ஆய்வகத்தில் முதல்முறை இதைச் செய்யப்போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

தொடங்கும் செல்லை. பெரும்பாலான தோல்விகள் முதல் நாளுக்கு முன்பே நடந்துவிடுகின்றன. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்ற சோதனையை வழக்கமாக்குங்கள், குரோமோசோம்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பாருங்கள், ஏனென்றால் நீண்ட நாள் வளர்த்த ஸ்டெம் செல்லில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பது அடிக்கடி நடக்கும், அப்படிப்பட்ட செல் வேகமாகப் பெருகித் தட்டையே பிடித்துக்கொள்ளும். தட்டில் செல்களைப் போடும்போது ஒரு செல் வரிசைக்குப் பொருந்திய அடர்த்தி இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதனால் வேறு ஆய்வகத்தின் எண்ணை அப்படியே நம்பாமல் நான்கைந்து அடர்த்திகளில் போட்டுப் பாருங்கள். அகப்படை நிலையில் எஸ்ஓஎக்ஸ்17 என்ற அடையாளப் புரதத்தைக் காட்டும் செல்கள் 90 சதவீதத்துக்கு அருகில் வரவில்லை என்றால் அந்தத் தட்டைத் தொடராதீர்கள், அடுத்த ஐந்து வார ஊடகமும் வளர்ச்சிக் காரணியும் வீண். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் செல்லை எடுத்து உறைய வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் குளுக்கோஸ் சோதனை சரியாக வராதபோது எந்த நாளில் தவறியது என்று தேட அது கையில் இருக்கும்.